பழைய டீசல் லாரியோடு கலிஃபோர்னியாவுக்குள் நுழைவதற்கு முன்: புதிதாக ஓட்ட வருபவர்களுக்கு

அமெரிக்காவில் சொந்தமாக ஒரு டிரக் வாங்கி ஓட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் பழைய வண்டியில்தான் தொடங்குகிறார்கள். 2005, 2008 மாடல் வண்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அரிசோனாவிலும் நெவாடாவிலும் டெக்சஸிலும் அவை ஒரு தடையும் இல்லாமல் ஓடுகின்றன. அதே வண்டி கலிஃபோர்னியா எல்லைக் கோட்டைத் தாண்டியதும் ஓட்டக்கூடாத வண்டியாகிவிடலாம். எந்த மாநிலத்தில் பதிவு செய்திருக்கிறீர்கள், சரக்கு இருக்கிறதா, வெறும் வண்டியா என்பதெல்லாம் அங்கே கணக்கில்லை. சக்கரம் அந்த மாநிலச் சாலையில் உருண்டால் விதி பொருந்தும். டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுத் தலைவண்டியை மட்டும் ஓட்டிச் சென்றாலும் அப்படித்தான்.

இந்த வழிகாட்டி பெரும்பகுதி கலிஃபோர்னியாவைப் பற்றியது. வெளிமாநிலத்திலிருந்து வந்து கடந்து போகும் வண்டியைக்கூட எஞ்சின் வயதை வைத்துத் தடுக்கும் கடுமை அங்கேதான் இருக்கிறது. மற்ற மாநிலங்களைப் பற்றிய குறிப்புகள் பின்னால் வருகின்றன.

முதலில் 14,000 பவுண்டு

கலிஃபோர்னியா காற்றுவள வாரியத்தை ஓட்டுநர்கள் ‘கார்ப்’ என்பார்கள். கனரக டீசல் வண்டிகளுக்கான அதன் முக்கிய விதிகள், உற்பத்தியாளர் குறித்த மொத்த எடை வரம்பு 14,000 பவுண்டுக்கு மேல் உள்ள வண்டிகளுக்குப் பொருந்தும். அன்றைக்கு ஏற்றிய எடையை இதில் பார்ப்பதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள எண்ணைத்தான் பார்ப்பார்கள். டிரெய்லரின் எடையை இதனோடு கூட்ட வேண்டாம்.

பிக்கப் டிரக்கில் டிரெய்லர் இழுத்துத் தொழில் செய்பவர்கள் இந்த எண்ணைக் கவனமாகப் பார்க்க வேண்டும். தகட்டில் சரியாக 14,000 என்று இருந்தால் அது ‘14,000க்கு மேல்’ ஆகாது. இரட்டைப் பின்சக்கரம் கொண்ட ஒரு டன் பிக்கப்புகள் பல இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். ஆனால் வெறும் சேசிஸாக விற்று, பின்னால் தட்டோ பெட்டியோ பொருத்திய வண்டிகள் பெயரளவில் அதே வரிசையாக இருந்தாலும் 16,000, 19,000 பவுண்டு என்று போய்விடும். ஃபோர்டு எஃப்-550 இதற்கு நல்ல உதாரணம். அது விதிக்குள் வரும்.

லாரியின் ஆண்டை விட்டுவிட்டு எஞ்சினின் ஆண்டைப் பாருங்கள்

புதியவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 2023 ஜனவரி 1 முதல், 14,000 பவுண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டி கலிஃபோர்னியாவில் ஓட வேண்டுமென்றால் அதன் எஞ்சின் 2010 மாடலாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். இது எஞ்சினின் மாடல் ஆண்டு. வண்டிப் பதிவுச் சான்றில் இருப்பது சேசிஸின் ஆண்டு. இரண்டும் ஒன்றல்ல.

பொதுவாக எஞ்சின், சேசிஸைவிட ஒரு வருடம் பழையது. ஆகவே ‘2010 மாடல் லாரி’ என்று விற்பனைக்கு வருவதில் பலவற்றுக்குள் 2009 எஞ்சின் இருக்கும். புதிய விதி வருமுன் தயாரிப்பாளர்கள் பழைய எஞ்சின்களைச் சேர்த்து வைத்துப் பொருத்தியதால், 2011 மாடல் லாரியில்கூட 2009 எஞ்சின் இருப்பதுண்டு. கிளைடர் வண்டிகளில் இடைவெளி இன்னும் பெரிது: 2015இல் கட்டிய புதுச் சேசிஸ், புதுக் கேபின், உள்ளே 2003ஆம் ஆண்டு எஞ்சின். பதிவுச் சான்றில் 2015 என்று இருந்தாலும் கார்ப் கணக்கில் அது 2003 வண்டி.

சரிபார்க்கும் முறை இது. பானெட்டைத் திறந்து, எஞ்சினின் மேல்மூடியிலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு லேபிளைத் தேடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தால் மென்மையான துணியால் துடையுங்கள். டீகிரீசர் ஊற்றித் தேய்த்தால் எழுத்தே போய்விடும். அதில் எஞ்சின் மாடல் ஆண்டு நேராக எழுதியிருக்கும். எஞ்சின் குடும்பக் குறியீடு என்று 12 எழுத்துகள் கொண்ட ஒரு வரியும் இருக்கும். அதன் முதல் எழுத்தே ஆண்டைச் சொல்லிவிடும்: 7 என்றால் 2007, 8 என்றால் 2008, 9 என்றால் 2009. அங்கிருந்து ஆங்கில எழுத்து தொடங்கும். ஏ என்றால் 2010, பி 2011, சி 2012, டி 2013. எச் 2017 ஆகும். ஐ என்ற எழுத்தைத் தவிர்த்து ஜே 2018. எண்ணில் தொடங்கினால் அந்த வண்டி கலிஃபோர்னியாவுக்கு ஆகாது என்று ஒரே பார்வையில் தெரிந்துகொள்ளலாம்.

லேபிளை மூன்று கோணங்களில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பதிவு செய்யும்போது வேண்டியிருக்கும். லேபிள் இல்லாமலோ படிக்க முடியாமலோ இருந்தால் எஞ்சின் வரிசை எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் டீலரிடம் மாற்று லேபிள் கேளுங்கள். லேபிள் இல்லாதது சோதனையில் தனியாகவே ஒரு குறை.

அடையாளங்களை நம்பி ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. ‘டிபிஎஃப் இருக்கிறது, அதனால் பரவாயில்லை’ என்பது முதலாவது. டிபிஎஃப் என்னும் புகைக்கரி வடிகட்டி 2007 எஞ்சின்களிலேயே வந்துவிட்டது. கரித்துகளுக்கான அளவு (குதிரைசக்தி-மணிக்கு 0.01 கிராம்) அப்போதே அமலுக்கு வந்தது. நைட்ரஜன் ஆக்சைடு 0.20 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற அளவு 2010 எஞ்சின்களில்தான் முழுமையாக வந்தது. வடிகட்டியால் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க முடியாது. 2007 முதல் 2009 வரையிலான எஞ்சினில் வடிகட்டி இருந்தாலும், அதற்கு முந்தைய எஞ்சினில் பின்னாளில் வடிகட்டி பொருத்தியிருந்தாலும் இப்போது போதாது.

இரண்டாவது நீல மூடி. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் யூரியாக் கரைசலை ஊற்ற நீல மூடி போட்ட தொட்டி இருந்தால் 2010க்குப் பிந்தைய எஞ்சினாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இன்டர்நேஷனல் வண்டிகளில் வந்த மேக்ஸ்ஃபோர்ஸ் 13 எஞ்சின், 2010க்குப் பிறகும் சில ஆண்டுகள் யூரியா இல்லாமலே விற்கப்பட்டது. நீல மூடி இல்லை என்பதால் மட்டும் ஒரு வண்டியைத் தள்ளிவிட வேண்டாம். லேபிளைப் படியுங்கள்; வேறு எதுவும் சான்றாகாது.

வண்டி வாங்கும்முன் விற்பவரிடம் இந்த லேபிளின் படத்தைக் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்த வண்டியைக் கலிஃபோர்னியா ஓட்டத்துக்கு என்று வாங்காதீர்கள்.

எஞ்சின் 2009 அல்லது அதற்கு முந்தியது என்றால்

வழி அடைபட்டுவிடவில்லை. நான்கு வாய்ப்புகள் இருக்கின்றன.

3 நாள் பாஸ்: ஒரு நாட்காட்டி ஆண்டில் ஒருமுறை, தொடர்ச்சியாக மூன்று நாள், தகுதியில்லாத வண்டியைக் கலிஃபோர்னியாவுக்குள் ஓட்ட கார்ப் தரும் அனுமதி இது. எல்லையில் போய் வாங்க முடியாது. இணையம் வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்து, அனுமதி கைக்கு வந்த பிறகுதான் புறப்பட வேண்டும். பாஸைக் கேபினில் வைத்திருங்கள். மூன்று நாள் என்பது நாட்காட்டி நாள். இரவு பதினொரு மணிக்கு எல்லையைக் கடந்தால் ஒரு நாள் போய்விட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகப் பக்கக் கிடங்குகளில் சரக்கிறக்க ஒரு முழு நாள் காத்திருக்க நேர்வது சாதாரணம் என்பதால், உள்ளே போக ஒரு நாள், இறக்க ஒரு நாள், வெளியேற ஒரு நாள் என்று திட்டமிடுங்கள். அங்கிருந்து திரும்பும் சரக்கைத் தேடி நாளைக் கடத்தாதீர்கள்.

குறைந்த பயன்பாட்டு விலக்கு: ஓராண்டில் கலிஃபோர்னியாவுக்குள் 1,000 மைலுக்குக் குறைவாக ஓடும் வண்டிக்கு இது கிடைக்கும். மாநிலத்துக்கு வெளியே எத்தனை மைல் ஓடினாலும் கணக்கில் வராது. ஆனால் கார்பின் ‘டிரக்கர்ஸ்’ என்ற இணையப் பதிவில் வண்டியைச் சேர்த்து, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரிக்குள் ஓடோமீட்டர் அளவைத் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு முறை எல்லையைக் கடக்கும்போதும் வெளியேறும்போதும் ஓடோமீட்டர் எண், தேதி, இடம் மூன்றையும் குறித்து வையுங்கள். மீட்டரைப் படமெடுத்தால் இன்னும் நல்லது. 1,000 மைல் கேட்க நிறைய இருப்பதுபோலத் தோன்றும். 40ஆம் எண் நெடுஞ்சாலையில் நீடில்ஸ் வழியாக லாஸ் ஏஞ்சலிஸ் போய்த் திரும்பினாலே 500 மைலுக்கு மேல் ஆகிவிடும். இரண்டாவது முறை போனால் வரம்பு தாண்டிவிடும். 10ஆம் எண் சாலையில் பிளைத் வழியாகப் போனால் தூரம் குறைவு. எல்லையோர ஊர்களுக்கு மட்டும் எப்போதாவது போகிறவர்களுக்கே இந்த விலக்கு உண்மையில் பயன்படும்.

எல்லையில் கைமாற்றுவது: நமது அனுபவத்தில் பழைய வண்டிக்காரருக்கு நிலையான வழி இதுதான். ஃபீனிக்ஸ், கிங்மன், லாஸ் வேகாஸ், ரீனோ ஆகிய இடங்களில் டிரெய்லரை நிறுத்தி வைக்கும் யார்டுகள் உண்டு. டிரெய்லரை அங்கே விட்டுவிட்டால், தகுதியுள்ள தலைவண்டி ஒன்று வந்து கலிஃபோர்னியாவுக்குள் இழுத்துச் செல்லும். சரக்கு பிடித்துத் தரும் புரோக்கர்கள் இதைப் ‘பவர் ஒன்லி’ என்பார்கள். சரக்கு ஏற்கும்முன்பே இந்த ஏற்பாட்டைப் புரோக்கரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் சரக்கைக் கொடுப்பது ஒப்பந்த மீறல், காப்பீடும் நிற்காது.

சுற்றிப் போவது: அரிசோனாவிலிருந்து வாஷிங்டன் மாநிலத்துக்கோ ஒரேகானுக்கோ போக வேண்டுமென்றால் கலிஃபோர்னியாவைத் தொட வேண்டியதில்லை. லாஸ் வேகாஸிலிருந்து 93ஆம் எண் சாலையில் வடக்கே ஏறி, வெல்ஸ் வழியாக ஐடஹோவின் ட்வின் ஃபால்ஸ் சேர்ந்து, 84ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். ரீனோ பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வின்னமக்கா போய் 95ஆம் எண் சாலையில் வடக்கே மெக்டெர்மிட் வழியாக ஒரேகானுக்குள் நுழையலாம். இங்கே வழிகாட்டிக் கருவிதான் ஆபத்து. அது குறுக்கு வழி தேடும். லாஸ் வேகாஸுக்குத் தெற்கே 95ஆம் எண் சாலை நீடில்ஸ் பக்கம் கலிஃபோர்னியாவுக்குள் புகுந்துவிடும். அரிசோனாவுக்குப் போகிறவர்கள் 93இல் கிங்மன் போக வேண்டும். ரீனோவிலிருந்து 395ஆம் எண் சாலையில் வடக்கே போனால் சில மைலிலேயே கலிஃபோர்னியா. இந்த இரண்டு இடங்களையும் வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

எஞ்சினையே 2010க்குப் பிந்தியதாக மாற்றுவதும் சட்டப்படி முடியும். ஆனால் பின்னால் வரும் யூரியா அமைப்பு, வடிகட்டி, வயரிங், கணினி எல்லாமும் சேர்ந்து வர வேண்டும். அந்தச் செலவுக்கு 2012 எஞ்சின் உள்ள வேறொரு வண்டியை வாங்கிவிடலாம் என்பதே பெரும்பாலும் சரியான கணக்கு.

2010 அல்லது அதற்குப் பிந்திய எஞ்சின்: அனுமதி உண்டு, ஆனால் சோதனையும் உண்டு

எஞ்சின் வயதுத் தடையைத் தாண்டிவிட்டால் அடுத்து ‘கிளீன் டிரக் செக்’. 14,000 பவுண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்கு இது தனி விதி. வெளிமாநில வண்டிகளுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. 3 நாள் பாஸோ குறைந்த பயன்பாட்டு விலக்கோ வாங்கிவிட்டோம் என்று இதை விட்டுவிட முடியாது. அவை எஞ்சின் வயது விதிக்கு மட்டுமே. இந்தச் சோதனை விதிக்குத் தனியாக ஒரு 5 நாள் பாஸ் உண்டு. அதுவும் ஆண்டுக்கு ஒருமுறைதான். புறப்படுவதற்குக் குறைந்தது 7 நாள் முன்னால் கேட்க வேண்டும். 2008 எஞ்சின் வண்டி ஒரே ஒரு தடவை உள்ளே போக வேண்டுமென்றால் இரண்டு பாஸும் வேண்டும், இரண்டின் தேதிகளும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றை வாங்கி மற்றொன்றை மறப்பது அடிக்கடி நடக்கிறது.

தொடர்ந்து ஓடப்போகிறவர்கள் செய்ய வேண்டியது:

1. கார்பின் ‘சிடிசி-விஸ்’ இணையதளத்தில் கணக்குத் தொடங்கி உரிமையாளர் விவரம், வின் எண் (வண்டியின் அடையாள எண்), எஞ்சின் குடும்பக் குறியீடு, எஞ்சின் ஆண்டு ஆகியவற்றைப் பதியுங்கள். லேபிளில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் இடுங்கள். பூஜ்யத்துக்கும் ஓ என்ற எழுத்துக்கும் மாறிவிட்டால் சோதனை முடிவு உங்கள் வண்டியோடு சேராது.

2. ஆண்டுக் கட்டணம் செலுத்துங்கள். வண்டி ஒன்றுக்கு 30 டாலரில் தொடங்கியது. விலைவாசிக்கேற்பச் சிறிது ஏறும்.

3. உங்கள் கெடு தேதியைப் பாருங்கள். வெளிமாநில வண்டிக்கு அது வின் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து அமையும். சோதனை ஆண்டுக்கு இருமுறை. கெடுவுக்கு முந்தைய 90 நாளுக்குள் செய்த சோதனை செல்லும்.

4. கார்ப் அங்கீகரித்த சோதகரிடம் சோதனை செய்யுங்கள். கலிஃபோர்னியாவுக்கு வெளியேயும் இத்தகைய சோதகர்கள் இருக்கிறார்கள். எல்லையைத் தாண்டும் முன்பே முடித்துவிடலாம், முடித்துவிடுவதே நல்லது.

5. தேர்ச்சியும் கட்டணமும் பதிவான பிறகு தகுதிச் சான்றிதழைப் பதிவிறக்கிக் கேபினில் ஒரு பிரதி வையுங்கள். புரோக்கர்களும் துறைமுகங்களும் ரயில் யார்டுகளும் இதைக் கேட்கும் கடமை உள்ளவர்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் சரக்கே கிடைக்காது.

2013 அல்லது அதற்குப் பிந்திய டீசல் எஞ்சினுக்கு, வண்டிக் கணினியின் பதிவைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகிச் சோதிப்பார்கள். 2012 வரையிலானவற்றுக்குப் புகை அடர்த்திச் சோதனையும் கண்பார்வைச் சோதனையும். ஓபிடி வண்டிக்காரர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: சோதனைக்கு முந்தைய நாள் பிழைக் குறியீடுகளை அழிக்காதீர்கள், பேட்டரியைக் கழற்றாதீர்கள். அழித்தால் கணினி தன் சுயபரிசோதனைகளை ‘முடியவில்லை’ என்று காட்டும், தேர்ச்சி கிடைக்காது. குறையைச் சரிசெய்து சில நாள் சாதாரணமாக ஓட்டிய பிறகு போங்கள்.

புகைச் சோதனைக்கு வண்டியைத் தயார் செய்வது

புகை அடர்த்தியின் வரம்புகள் எஞ்சின் ஆண்டுப்படி மாறும். 2007 அல்லது அதற்குப் பிந்திய எஞ்சினுக்கும் டிபிஎஃப் பொருத்தியதற்கும் 5 சதவீதம். 1997 முதல் 2006 வரை 20 சதவீதம், 1991 முதல் 1996 வரை 30, அதற்கும் முந்தியவற்றுக்கு 40. கடைசி மூன்றும் பாஸிலோ குறைந்த பயன்பாட்டிலோ வரும் வண்டிகளுக்கானவை.

வண்டி நின்ற நிலையில், நியூட்ரலில், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சின் பிரேக்கை அணைத்துவிட்டு, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முழுதும் மிதித்து, எஞ்சின் உச்ச வேகம் தொட்டதும் விடுவார்கள். முதலில் குழாயைச் சுத்தப்படுத்த மூன்று மிதி, பிறகு அளவெடுக்க மூன்று மிதி. இந்த மூன்றின் சராசரிதான் முடிவு. மூன்றுக்கும் இடையில் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் எரியாத டீசல் புகையாக வரும். ஆகவே சோதனை நிலையத்துக்கு அரை மணி நேரமாவது சுமையோடு ஓட்டிச் செல்லுங்கள்.

தோற்கும் வண்டிகளில் கோளாறு பெரும்பாலும் மலிவான இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே விலையுயர்ந்த இன்ஜெக்டரில் கைவைக்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்.

ஏர் ஃபில்டரின் தடைமானியைப் பாருங்கள். பல கனரக எஞ்சின்களுக்கு 25 அங்குல நீரளவு என்பதே மாற்ற வேண்டிய எல்லை. காற்றுப் போதாமல் டீசல் முழுதும் எரியாதபோதுதான் கறுப்புப் புகை வருகிறது.

அடுத்து டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றுப் பாதை. ரப்பர் குழாயில் விரிசல், தளர்ந்த கிளாம்ப், முன்னால் இருக்கும் காற்றுக் குளிர்விப்பானில் வெடிப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் டர்போ கொடுத்த அழுத்தம் வழியிலேயே கசியும். இதைச் சோதிக்க இரு முனைகளையும் அடைத்து 30 பிஎஸ்ஐ காற்றை நிரப்பி வால்வை மூடுங்கள். 15 விநாடியில் 5 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் கசிவு உண்டு. சோப்பு நீர் தெளித்தால் இடம் தெரியும். அடைக்கும் மூடிகளைச் சங்கிலியால் கட்டாமல் காற்று நிரப்பாதீர்கள். மூடி பறந்து ஆளைத் தாக்கும்.

பிறகு வால்வு இடைவெளி, டீசல் ஃபில்டர், கடைசியில் இன்ஜெக்டர். புகையின் நிறமும் வழி காட்டும். கறுப்பு என்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. டர்போ சீலோ பிஸ்டன் வளையமோ தேய்ந்திருக்கலாம். சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்தால் ஈஜிஆர் கூலர் (புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் பாகம்) கசிகிறதா என்று பாருங்கள்.

டிபிஎஃப் உள்ள வண்டிக்கு 5 சதவீதம் கடினமான வரம்பு அல்ல. வடிகட்டி முழுதாக இருந்தால் மானி ஏறத்தாழ பூஜ்யம்தான் காட்டும். வீட்டிலேயே சோதிக்க, குளிர்ந்த புகைக்குழாயின் உள்விளிம்பை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கரி அப்பினால் வடிகட்டி உடைந்திருக்கிறது. கழுவிப் பயனில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். வடிகட்டி ஏன் உடைந்தது என்றும் பாருங்கள். இன்ஜெக்டர் ஒழுகியோ டர்போ எண்ணெய் கசிந்தோ முதல் வடிகட்டியைக் கெடுத்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் பொருத்தும் புதியதும் அதே வழியில் போகும்.

வடிகட்டியில் சேர்ந்த கரியைச் சூடேற்றி எரிக்கும், நின்ற நிலையில் செய்யும் ரீஜெனரேஷன் தேவைப்பட்டால் எல்லைக்கு முன்பே, கான்கிரீட் தரையில் நிறுத்திச் செய்துவிடுங்கள். புகைக்குழாய் வாயில் வரும் வெப்பம் காய்ந்த புல்லைப் பற்ற வைக்கும். மேற்கு மாநிலங்களின் கோடையில் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டிபிஎஃப்பை உள்ளே குடைந்து காலியாக்கிய வண்டி, ஈஜிஆரை அடைத்த வண்டி, கணினியை மாற்றி எழுதிய வண்டி ஆகியவற்றை வாங்கவே வாங்காதீர்கள். இது கலிஃபோர்னியாவில் மட்டும் குற்றமல்ல. கூட்டாட்சித் தூய காற்றுச் சட்டப்படி நாடு முழுதும் குற்றம். எஞ்சின் ஆண்டு சரியாக இருந்தாலும் அது தோல்விதான்.

டிரெய்லரையும் மறக்காதீர்கள்

தலைவண்டி தகுதி பெற்றுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது இயல்பு. 53 அடி அல்லது அதைவிட நீளமான பெட்டி டிரெய்லருக்குத் தனி விதி உண்டு: உருளும் தடை குறைந்த டயர்களும், பக்கவாட்டுப் பாவாடை போன்ற காற்றுத்தடை குறைக்கும் அமைப்பும் வேண்டும். டயர், பாவாடை இரண்டும் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமையின் ‘ஸ்மார்ட்வே’ அங்கீகாரம் பெற்றவையாக இருக்க வேண்டும். அதனால் டயர் பஞ்சராகி வழியில் மாற்றும்போது கிடைத்ததைப் போட்டுவிடாதீர்கள். குளிர்பதன டிரெய்லர் என்றால் முன்னால் தொங்கும் சிறு டீசல் எஞ்சினுக்கும் வயது வரம்பு இருக்கிறது. பொதுவாக எஞ்சின் மாடல் ஆண்டிலிருந்து ஏழு ஆண்டு முடிந்ததும் அது கூடுதல் சுத்தமான நிலைக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கும் டிரெய்லரானாலும் இழுப்பவர் நீங்கள். சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவது

10,000 பவுண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டி கலிஃபோர்னியாவில் 5 நிமிடத்துக்கு மேல் சும்மா நின்று எஞ்சினை ஓடவிடக் கூடாது. படுக்கை உள்ள கேபினுக்கும் 2008 முதல் இது பொருந்தும். அபராதம் 300 டாலரில் தொடங்கும். ஜூலையில் பார்ஸ்டோவிலோ நீடில்ஸிலோ பத்து மணி நேர ஓய்வை எடுக்க வேண்டியிருந்தால் ஏசிக்கு முன்கூட்டியே வழி பார்த்து வையுங்கள். வெக்கையில் தூங்காமல் மறுநாள் ஓட்டுவது புகையைவிடப் பெரிய ஆபத்து.

சில எஞ்சின்களுக்குத் தயாரிப்பாளரே ‘கிளீன் ஐடில்’ ஸ்டிக்கர் ஒட்டித் தந்திருப்பார். அது பானெட்டின் ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும். அது இருந்தால் ஓய்வின்போது எஞ்சினை ஓடவிடலாம். ஆனால் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் 100 அடிக்குள் அந்தச் சலுகை இல்லை. ஸ்டிக்கர் இல்லாவிட்டால் பேட்டரி ஏசியோ துணை எஞ்சினோ வேண்டும். 2007 அல்லது அதற்குப் பிந்திய எஞ்சின் உள்ள வண்டியில் டீசல் துணை எஞ்சின் பொருத்தினால், அதற்கும் டிபிஎஃப் இருக்க வேண்டும், அல்லது அதன் புகை வண்டியின் வடிகட்டி வழியே போக வேண்டும். வெளிமாநிலத்தில் மலிவாகப் பொருத்திய துணை எஞ்சின்களில் இது பெரும்பாலும் இருக்காது.

மற்ற மாநிலங்கள்

‘கலிஃபோர்னியா விதியைப் பின்பற்றும் மாநிலங்கள்’ என்ற பட்டியலைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அந்த மாநிலங்கள் ஏற்றுக்கொண்டது புதிய வண்டிகளின் தயாரிப்பு, விற்பனை பற்றிய விதிகளை. 2006 எஞ்சினோடு அவற்றைக் கடந்து போவதற்கு அவை தடையில்லை. ஒரேகானில் போர்ட்லாந்தைச் சுற்றியுள்ள மல்ட்னோமா, கிளாக்கமஸ், வாஷிங்டன் கவுண்டிகளில் பழைய டீசல் வண்டிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருக்கிறது. அது அங்கே பதிவு செய்பவர்களைப் பற்றியது, கடந்து போகிறவர்களை அல்ல. சியாட்டல், டகோமா துறைமுகங்களின் சர்வதேசக் கன்டெய்னர் முனையங்களுக்குள் நுழைய 2007 அல்லது அதற்குப் பிந்திய எஞ்சின் வேண்டும்.

கிழக்குப் பக்கம் எஞ்சின் வயதைவிட நின்று ஓடவிடும் நேரமே உங்களைச் சிக்க வைக்கும். நியூ ஜெர்சியிலும் கனெக்டிகட்டிலும் 3 நிமிடம். பென்சில்வேனியாவில் ஒரு மணி நேரத்தில் 5 நிமிடம். நியூயார்க் நகரில் 3 நிமிடம், பள்ளி அருகே ஒரே நிமிடம். அந்நகரில் பொதுமக்களே வண்டியைப் படமெடுத்துப் புகார் தரலாம். வசூலாகும் அபராதத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அதனால் சரக்கு இறக்கக் காத்திருக்கும்போது சாவியைத் திருப்பி அணைத்துவிடுவதே நல்லது.

வழியில் நிறுத்தினால்

கலிஃபோர்னியா எடை நிலையங்களிலும் எல்லைப் பகுதிகளிலும் கார்ப் ஆய்வாளர்கள் நிற்பார்கள். சாலையோரத்தில் ‘பீக்ஸ்’ எனப்படும் கருவிகளும் உண்டு. கடந்து போகும் வண்டியின் புகையை அவை அளந்து எண் பலகையோடு பதிந்துகொள்ளும். அதில் அதிகப் புகை தெரிந்தால் உரிமையாளருக்குச் சோதனை அறிவிப்பு வரும். அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் தேர்ச்சிச் சோதனையைச் சமர்ப்பிக்க வேண்டும். அறிவிப்பு பதிவு முகவரிக்கே போகும். முகவரி மாறியிருந்தால் உடனே திருத்துங்கள். கடிதம் கைக்கு வராமலே கெடு தாண்டி, தகுதிச் சான்று ரத்தானதைச் சரக்கு ஏற்றும் இடத்தில்தான் தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு. விதிமீறலுக்கான அபராதம் வண்டி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 10,000 டாலர் வரை போகலாம்.

ஆய்வாளர் கேட்டால் பானெட்டைத் திறந்து லேபிளைக் காட்டுங்கள். கேபினில் ஒரே உறையில் பதிவுச் சான்று, லேபிளின் படம், தகுதிச் சான்றிதழ், கடைசிச் சோதனை முடிவு, பாஸ் இருந்தால் அதன் பிரதி, டிரெய்லருக்கான சான்று, எல்லை ஓடோமீட்டர் குறிப்பு ஆகியவை இருக்கட்டும். வடிகட்டியோ இன்ஜெக்டரோ மாற்றியிருந்தால் பட்டறை ரசீதையும் சேர்த்து வையுங்கள்.

இந்த விதிகள் நீதிமன்றங்களிலும் கூட்டாட்சி அரசிடமும் தொடர்ந்து வாதத்தில் இருப்பவை. ஒவ்வொரு பயணத்துக்கும் முன் கார்பின் சொந்த இணையதளத்தில் அன்றைய நிலையைப் பாருங்கள். சரக்கு ஒப்பந்தத்தில் ‘வண்டி கார்ப் தகுதி பெற்றது’ என்ற வரி இருந்தால், உங்கள் எஞ்சின் லேபிளை நினைத்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். கலிஃபோர்னியா முகவரி ஒன்று அதில் இருந்து, உங்கள் லேபிள் 9 என்று தொடங்கினால், யார்டில் கைமாற்றும் ஏற்பாட்டை அப்போதே பேசுங்கள்.